நாளைக்குச் சொல்லும் காப்பெற்காரர்

அவருடைய முகத்தைவிட வலது முழங்கால்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்த முழங்காலுக்குச் சற்று மேலே தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. கம்பளம் விரிக்கிற தொழிலில் ஒரு கருவி உண்டு. முன்பக்கம் கம்பளத்தைக் கவ்வுகிற பற்கள், பின்பக்கம் ஒரு சின்ன மெத்தை. நிலத்தில் முழங்காலிட்டு அந்த மெத்தையைக் காலால் ஓங்கி இடித்தால், கம்பளம் சுருக்கம் எடுபட்டுச் சுவரோரம் போய் நிற்கும். குவைத்தில் ஹோட்டல் ஹோட்டலாக இடித்த இடியில் கால் அப்படியாகிவிட்டது. நடக்கும்போது வலது கால் மட்டும் ஒரு எத்து எத்தும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக் கடைத்தெருவில் அவர் போனால், யாரையோ உதைக்கப் போகிறார் என்று நாய்கள் ஒதுங்கிப் போகும்.

ஊரில் அவரைக் காப்பெற்காரர் என்றுதான் சொல்வோம். கம்பளம் என்ற சொல் எங்கள் வாயில் வராது, காப்பெற்தான். 2002இல் சண்டை நின்று, ஏ9 பாதை திறந்து, கிளிநொச்சியில் புதுப்புது அலுவலகங்களும் விடுதிகளும் முளைத்த காலத்தில் வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தவர். எங்கள் புழுதி மண்ணில் காப்பெற் விரிக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் என் அம்மா சிரித்த சிரிப்பு எங்கள் ஊர் முரசுமோட்டை வயல்வெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

"மாட்டுக்குச் சப்பாத்துப் போட ஆள் வரேல்லையோ?" என்று கேட்டார்.

நான் அப்போது கிளிநொச்சியில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். முதலாளி கொழும்பில் எங்கேயோ காப்பெற் போட்ட மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அது வேண்டும் என்று நின்றார். காப்பெற்காரரைக் கூப்பிட்டு மண்டபத்தைக் காட்டினோம்.

"எப்ப முடிச்சுத் தருவீர்?" என்று முதலாளி கேட்டார்.

இவர் குந்தி இருந்து உள்ளங்கையைச் சீமெந்து நிலத்தில் வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நாளைக்குச் சொல்றேங்க."

பிறகு சேர்ட் பையிலிருந்து ஒரு பொலித்தீன் துண்டை எடுத்து நிலத்தில் பரப்பி, நான்கு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி இறுக்கிவிட்டுப் போய்விட்டார். முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நிலத்துக்கு என்ன காயமோ? பிளாஸ்டர் போட்டிட்டுப் போறான் மனிசன்!"

மறுநாள் காலை பொலித்தீனுக்குக் கீழே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. "நெலம் வேர்க்குதுங்க. இதுக்கு மேல விரிச்சா காப்பெற் அடியில அழுகி நாறும். காயட்டும்," என்றார். முதலாளி குதித்தார், திட்டினார், வேறு ஆள் பிடிக்கிறேன் என்றார். அந்த வேலைக்குக் கிளிநொச்சியில் வேறு ஆள் இருந்தால்தானே பிடிக்க? மாலையில் பொலித்தீன் ஒட்டுவதும் காலையில் உரித்துப் பார்ப்பதுமாக நாட்கள் போயின. நிலம் காய்ந்த பிறகுதான் மனிதர் கருவிப் பெட்டியையே திறந்தார்.

இந்தக் குணம் நிலத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதையும் ஒரு இரவு கழியாமல் நம்ப மாட்டார். கடையில் ஒரு சேர்ட்டை எடுத்துத் தடவிப் பார்ப்பார், பிடித்திருக்கும், "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு வருவார். மறுநாள் போனால் அதை யாரோ போட்டுக்கொண்டு எதிரே வருவார்கள். பரந்தன் பக்கம் நல்ல காணித்துண்டு ஒன்று வந்தது, அதுவும் அப்படியே கைவிட்டுப் போனது. "அட, என்ன மனிசனப்பா நீங்கள்!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நமக்கு இல்லைன்னு ஒரு நாளையில தெரிஞ்சிருச்சில்ல தங்கச்சி, நல்லதுதானே," என்று அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கவே எனக்குப் பயம். அதற்கும் நாளைக்குச் சொல்கிறேன் என்றால் நான் எங்கே போவது?

ஆனால் ஒன்று. எங்கள் ஆட்கள் நாளைக்கு என்று சொன்னால் அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. இனிமேல் இந்தக் கதை வேண்டாம் என்பதை நோகாமல் சொல்கிற வழி. அவருக்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். குளம் உடைத்துப் பாய்ந்தாலும் மறுநாள் வந்து நிற்பார். மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்வார். சுவரோரம் காப்பெற்றைக் கவ்வி வைக்கிற ஆணிச்சட்டத்தை அவர் சீவக் கொடுத்திருந்த தச்சுத் தொழிலாளி ஒருநாள் என்னிடம் வந்து புலம்பினார். "பிள்ளை, வாய் தவறி நாளைக்கு வாங்கோ எண்டிட்டன். நான் பல்லு விளக்க முந்தி வந்து வாசல்ல குந்தியிருக்கிறார். எனக்கு வெக்கமாப் போச்சு, அடுப்பு மூட்ட முந்தி உளியைத் தூக்கினன்."

ஒருமுறை நான் வவுனியாவில் கண் காட்டிவிட்டுத் திரும்பிய வான் வண்டியில் அவரும் இருந்தார். வானின் கூரையில் அவருடைய காப்பெற் சுருள், பனங்குற்றி மாதிரி நீளமாகக் கட்டியிருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அதை இறக்கி விரித்துக் காட்டச் சொன்னார்கள். வெயிலில் நடுரோட்டில் விரித்தார். ஆமிக்காரர் ஒருவர் அதன் மேல் காலை வைக்கப் போனார். இவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். வானுக்குள் இருந்த நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். அந்தப் பெடியன் இவரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தானோ, விளிம்பில் நின்று தடியால் தட்டிப் பார்த்துவிட்டு விட்டான். அப்பாடா என்று சுருட்டிக் கட்டி, ஆளில்லாத சூனியப் பிரதேசத்தைத் தாண்டி எங்கள் பக்கத்து இயக்கத்தின் சாவடிக்கு வந்தால், அங்கேயும் விரிக்கச் சொன்னார்கள். அங்கேயும் இவர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் சப்பாத்துக்காரர்தான். அவருடைய கண்ணுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வானில் வந்த கிழவி ஒருத்தி இதுதான் சாட்டென்று காப்பெற்றில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அவருக்கு மட்டும் இவர் ஒன்றும் சொல்லவில்லை, வெறுங்கால் என்பதால்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கியது என்னால்தான். வெட்டி மிஞ்சிய காப்பெற் துண்டுகளை எறிய அவருக்கு மனம் வராது. விளிம்புக்குத் துணி வைத்துத் தைத்தால் அறை வாசலுக்குக் கால்மிதியாகும், கனத்த துணி தைக்கிற ஆள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். என் அக்கா முரசுமோட்டையில் வீட்டோடு இருந்து தைப்பவர். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்த நேரமெல்லாம் இடப்பெயர்வும் கூடவே வந்ததால் ஒன்றும் ஒப்பேறவில்லை. வாய் மட்டும் ஊசியைவிடக் கூர். முதல் கால்மிதியிலேயே ஊசி படீர் என்று முறிந்தது.

"உங்கடை காப்பெற் என்ரை ஊசியைத் தின்னுது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ," என்றார் அக்கா.

"நாளைக்குச் சொல்றேங்க."

மறுநாள் தடித்த ஊசிகளோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு ஊசி முறிகிறதோ இல்லையோ, ஆள் வந்தார். ஒருநாள் அக்காவுக்குக் காப்பெற்றின் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்தார். "இப்பிடித் தடவுங்க, வெளிச்சமா இருக்கும். எதிர்ப்பக்கம் தடவுங்க, கறுத்துரும். ரெண்டு துண்டை எதிரும் புதிருமாப் போட்டா ஒரே காப்பெற் ரெண்டு நிறமாத் தெரியும். இந்தத் தொழில்ல அதைவிட அவமானம் இல்லை." அக்கா அதற்குப் பிறகு எங்கள் பூனையைக்கூட இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, சொல்லவில்லை.

அவருக்கும் அப்படித்தான் என்று தெரிந்த விதம் வேறு. விடுதியின் இரண்டாவது மண்டபத்துக்கு அவர் காப்பெற் விரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா தைத்த கால்மிதிகளோடு வந்தார். நீலச் சேலை, தலையில் பூ. கால்மிதி கொடுக்க வருகிறவளுக்குப் பூ எதற்கு? வந்தார், வைத்தார், "என்ன, இண்டைக்கும் முழங்காலிலயோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை யன்னல் வழியாக வெயில் விழுந்தபோது பார்த்தால், மண்டபத்தின் நடுவில் ஒரு துண்டு மட்டும் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கமாக விரித்துவிட்டார்! முதலாளி கத்தின கத்தில் ஜெனரேற்றர் சத்தமே கேட்கவில்லை.

"குவைத்திலயும் உப்பிடித்தானோ விரிச்சனீர்?"

இவர் குதிக்காலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "இல்லீங்க. இதுதான் மொதத் தடவை."

எந்தத் துண்டு அது என்று வரவேற்பு மேசையிலிருந்த எனக்குத் தெரியும். அக்கா வாசலில் நின்று கதைத்தபோது அவர் கையில் இருந்த துண்டு. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். மெஷினில் குனிந்தபடி சிரித்தார், சிரித்தார், அன்று தைத்த சட்டைக்குக் கை கோணிப் போகும்வரை சிரித்தார்.

கடைசியில் அக்காதான் பொறுமை கெட்டு நேரே கேட்டார். அவர் கால்மிதிகளை எடுக்க வந்த ஒரு பின்னேரம். "இந்தக் கால்மிதியை இன்னும் எவ்வளவு காலம் தைக்கிறது? என்னைக் கட்டுறீங்களோ, இல்லையோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். வேண்டாம், தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"நாளைக்குச் சொல்றேங்க."

அக்கா கால்மிதிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேல் எறிந்தார். "போங்கோ! நாளைக்கு இந்தப் பக்கம் வந்தால் நாயை அவிட்டு விடுவன்!"

மறுநாள் வந்தார். சாரம் இல்லை, மடிப்புக் குலையாத காற்சட்டை. அக்காவிடம் போகவில்லை, அம்மாவின் முன்னால் போய் நின்றார். "எனக்குச் சம்மதம்மா. நேத்தே சம்மதந்தான். ஆனா உங்ககிட்டக் கேக்காம அவங்ககிட்டச் சொல்றது சரியில்லைல்ல?"

குசினிக்குள் அக்கா சட்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அம்மா கேட்டார், "தம்பி, உம்மடை ஆக்கள் எவடம்?" அவர் ஒளிக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் இருந்தவர்கள், எழுபத்தேழு கலவரத்தில் அடித்துத் துரத்தியதில் பூவரசங்குளத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினவர்கள் என்று சொன்னார். அம்மாவின் முகம் மாறியது. அம்மா கெட்டவர் இல்லை. கிணற்றடியில் தோட்டக்காட்டார் என்று சொல்லிச் சிரிக்கிற அயலுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். நேரே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நாளைக்குச் சொல்லுறன் தம்பி," என்றார்.

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! தன்னைப் போல ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்த சந்தோசம். நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவருடைய மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் வந்து நின்றது. "அம்மா, நாளைக்குன்னீங்க."

"ஓம், நாளைக்குத்தான் சொன்னனான். நாளைக்கு வாருமன்."

வந்தார். மழைக்கு வந்தார், வெயிலுக்கு வந்தார். கிளிநொச்சியில் வேலை முடித்து, பசை ஒட்டின கையோடு முரசுமோட்டை வரைக்கும் வந்து, படலைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார். உள்ளே வரச் சொன்னாலும் பதில் தெரியாமல் வர மாட்டார். அக்கா யன்னலுக்குள்ளால் அவருக்குக் கையைக் காட்டுவார், அம்மாவுக்கு வாயைக் காட்டுவார். அயலில் மாடு கட்டுகிற நேரத்தை அவர் வருவதை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மாதக்கணக்காக இது நடந்தது. ஒருநாள் அவர் பிந்தியபோது, "ஏன் இந்தப் பொடியனை இன்னும் காணேல்லை?" என்று அம்மாவே ரோட்டுக்கு எட்டிப் பார்த்தார். அப்படியிருந்தும் வந்து நின்றதும், "நாளைக்கு" என்றுதான் சொன்னார். அம்மாவின் நாக்குக்கு அது பழகிவிட்டது.

அவர் இப்போது இல்லை. 2009இல் மாத்தளனில், ஷெல் விழுந்தது. அந்த மாதங்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை, எழுதவும் மாட்டேன். பதுங்குகுழிக்குள்ளும் காப்பெற் துண்டை விரித்து, மண் ஈரம் என்று சலித்துக்கொண்டவர் என்று மட்டும் சொல்கிறேன். பக்கத்துக் குழியில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இடத்தில் சனத்தைச் சிரிக்க வைத்த மனிதர்.

நான் சொல்ல வந்தது 2006இன் ஆவணி. முகமாலைப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கப் போகிறது, பாதையைப் பூட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. வவுனியாப் பக்கத்து ஆட்கள் அவசர அவசரமாக மூட்டை கட்டினார்கள். அன்று பின்னேரம் அவர் வழமைக்கு முந்தியே வந்தார். நான் வேலைக்குப் போகவில்லை, படலையடியில் நின்றேன்.

"அம்மா, பாதை பூட்டப் போறாங்களாம். பூவரசங்குளத்துல இருந்து ஒடனே வரச் சொல்லித் தகவல் அனுப்பியிருக்காங்க. பாஸ் கையில இருக்கு, வான் ஒண்ணு இப்பப் போகுது. நான் போறதா, இருக்கிறதா? உங்க சொல்லைக் கேட்டுட்டுத்தான்."

ஓம் என்று சொன்னால் அயல். போ என்று சொன்னால் அக்கா. அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு வழமையான சொல்தான் வந்தது. "நாளைக்குச் சொல்லுறன் தம்பி."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எப்படியும் அவன் வானில் ஏறிப் போய்விடுவான், யாருடைய மனதும் நோகாமல் இந்தக் கதை தானாக முடிந்துவிடும் என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார். பிறகு அம்மாவே எங்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை பாதை பூட்டியாயிற்று என்று வானொலி சொன்னது. வடக்கே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அம்மா விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி போகேல்லை?"

"நாளைக்குச் சொல்றேன்னீங்களேம்மா. வந்திருக்கேன்."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால் அம்மா தாங்கியிருப்பார். விளக்குமாறைக் கீழே போட்டு, படலையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் தம்பி. எனக்குச் சம்மதம். ஓம்," என்றார்.

மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நான் பார்த்தால், அவர் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "பயந்துபோய்ச் சொல்றீங்கம்மா. அவசரப்படாதீங்க. ஒரு ராத்திரி போகட்டும், நான் நாளைக்கு வர்றேன்." சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்!

வீட்டுக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. படலையைத் தள்ளித் திறந்து, மோட்டார் சைக்கிளில் செருகியிருந்த திறப்பைத் திருகிப் பிடுங்கினார். "இனி இந்த வீட்டில ஆராவது நாளைக்கு எண்டு வாய் திறந்தால் நாக்கைக் கத்தரிச்சுப் போடுவன்! இறங்குங்கோ. உள்ளுக்கு வாங்கோ. இப்ப!"

அவர் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். வழமைபோல் நிலத்தில்தான் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் தானும் நிலத்தில் உட்கார்ந்தார். அதுவரை நீர் என்று கதைத்தவரின் வாயில் அன்றுதான் நீங்கள் வந்தது.

"தம்பி, நான் உங்களை நேற்றே போகச் சொல்லியிருக்க வேணும்."

"போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்மா. நல்லவேளை, நீங்க சொல்லலை," என்று அவர் சிரித்தார். அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்கு அம்மாவும் சிரித்தார்.